காணிக்கைக்கு முன்னால் ஒரு நிமிஷம்



கொஞ்சம் நீளமான பதிவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஓய்வாக உட்காரும்போது படியுங்கள். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். மதம் மாறச் சொல்லி இதில் ஒன்றும் இல்லை. இருக்கிற மதத்துக்கே நான் ஒழுங்காக மாறவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

போன வாரம் ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பழைய மாணவன் ஒருவன் வந்தான். இப்போது சிங்காநல்லூர்ப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அம்மாவைக் கூட்டிப்போக வந்தவன் என்னைப் பார்த்ததும் பேச்சுக் கொடுத்தான்.

"சார், அறுபது வருஷமா இதே கோயிலுக்கு வர்றீங்க. ஒரே ஜெபம், ஒரே பாட்டு, எந்திரி, உக்காருன்னு இருக்குதுங்க. சலிக்கலீங்களா சார்? இதெல்லாம் வெறும் சடங்கு தானுங்களே? நான் இப்ப வேற சபைக்குப் போறனுங்க. அங்க புஸ்தகமே கிடையாது. எல்லாம் ஆவியில நடக்குது. அழாம யாரும் வெளிய வர மாட்டாங்க."

"யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் யோசித்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவன் சொன்னதில் பாதி உண்மை. மூன்றாவது வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே என் இடம். விசுவாசப் பிரமாணத்தை வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டோமே என்று மனசு போய்விடும். பிரசங்கம் பத்து நிமிஷம் நீண்டால் கறிக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடுமே என்ற கவலை. ஜனவரி முதல் தேதி வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது, நல்ல வசனமாக வரவேண்டுமே என்று லாட்டரிச் சீட்டு எடுக்கிற மாதிரி விரல் நடுங்கும். லெந்து காலத்தில் நாற்பது நாள் கறி மீன் தொடமாட்டேன். ஈஸ்டர் அன்று மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சாப்பிடுவேன். இப்படி அறுபது வருஷம் ஓடியிருக்கிறது.

ஆனால் அவன் சொன்ன மறுபாதியில்தான் எனக்குச் சந்தேகம். நான் இடைநிலை ஆசிரியர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் எதிர்ச்சொல் எழுதக் கற்றுக்கொடுத்தவன். 'வெறும் சடங்கு' என்பதற்கு எதிர்ச்சொல் எழுதுக என்று கேட்டால், அந்த மாணவன் 'உருக்கம்' என்று எழுதுவான். கண்ணீர், கைதட்டல், உரத்த ஜெபம் இதெல்லாம் அவன் விடைத்தாளில் இருக்கும். நம்மில் பலரும் அதையேதான் எழுதுவோம்.

வேதாகமத்துத் தீர்க்கதரிசிகள் அந்த விடைக்கு மதிப்பெண் போட மாட்டார்கள். ஏசாயா முதல் அதிகாரத்தையும் ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2,700 ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சு. பலி, பண்டிகை, தூபம், பாட்டு, நீண்ட ஜெபம் எல்லாமே கடவுளுக்குச் சலிப்பாகிவிட்டது என்று சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக என்ன கேட்கிறார்கள்? இன்னும் கொஞ்சம் உருகிப் பாடு என்று ஒரு வரி கூடக் கிடையாது. திக்கற்ற பிள்ளைக்கு நியாயம் செய், விதவைக்காக வழக்காடு, ஒடுக்கப்பட்டவனைக் கவனி என்கிறார்கள். அவர்கள் எழுதிய எதிர்ச்சொல் 'நியாயம்'.

இது ஏதோ எருசலேம் தேவாலயத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் உண்டு. 1870-களில் கட்டினார்கள். ஒரே பீடம். அந்தப் பீடத்திலிருந்து கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு நீள மண்டபங்கள். ஒன்றில் ஒரு சாதியார், மற்றொன்றில் இன்னொரு சாதியார். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பூசையைக் காணலாம். 1910-இல் நடுத்தடுப்பை எடுத்துவிட்டார்கள். எடுத்தது தப்பு என்று நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். அங்கே சடங்கில் ஒரு குறையும் இருந்திருக்காது. மெழுகுவர்த்தி, சாம்பிராணி, மணி, மந்திரம் எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கும். உருக்கத்துக்கும் குறைவிருந்திருக்காது, இரண்டு மண்டபத்திலும் கண்ணீர் விட்டு வேண்டிக்கொண்டவர்கள் இருந்திருப்பார்கள். ஒரு அப்பத்தைப் பிட்டுப் பகிர்வதுதான் அந்தப் பூசையின் பொருள். அதை மட்டும் சுவர் எழுப்பித் தள்ளி வைத்துவிட்டார்கள்.

வடக்கன்குளத்துச் சுவரைத் திட்டுவது எனக்குச் சுலபம். அது நூறு வருஷத்துக்கு முந்தையது, வேறு ஊர், வேறு சபை. என் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்வதுதான் கஷ்டம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது, பரவாயில்ல. பேரு மட்டும் போட்டுறாத" என்றாள்.

எங்கள் அப்பா மில் தொழிலாளி. ராத்திரி ஷிப்ட் பார்த்து, சீட்டுக் கட்டி, சரவணம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் 18 சென்ட் இடம் வாங்கிப் போட்டார். அந்தக் காலத்தில் அது வெறும் சோளக்காடு. அம்மா முன்னாலேயே போய்விட்டார்கள். 1998-இல் அப்பாவும் போனார். உயில் எழுதவில்லை. அக்கா, நான், தம்பி என்று மூன்று பிள்ளைகள்.

ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். 18-ஐ மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 6 சென்ட். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கோயம்புத்தூர்க் கிறிஸ்தவனுக்குப் பொருந்துவது 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் இறந்தவரின் மகனுக்கும் மகளுக்கும் அதில் ஒரே பங்கு. கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா என்ற பேச்சே கிடையாது.

ஆனால் நாங்கள் போட்ட கணக்கு வேறு. 'அக்காவுக்குத்தான் நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு' என்பது கொங்குச் சீமையில் எல்லாச் சாதிக்கும் எல்லா மதத்துக்கும் தெரிந்த சூத்திரம். 1999-இல் ஒரு நாள் அக்காவை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போனோம். விடுதலைப் பத்திரம். அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "எங்க போடணும் தம்பி?" என்று கேட்டு, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து எதிரே இருந்த டீக்கடையில் அவளுக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு 9 சென்ட் ஆயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. தவறாமல் போனேன். முழங்கால் போட்டேன். வாங்கிக்கொண்டேன். மனசில் ஒரு உறுத்தலும் இல்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

பிறகு மாமா வேலை பார்த்த மில் மூடிவிட்டது. கோவையில் அந்தக் காலத்தில் எத்தனை மில்களுக்கு அந்த நிலைமை வந்தது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா ஒரு பெரிய கிரைண்டர் வாங்கி, இட்லி மாவு ஆட்டி விற்க ஆரம்பித்தாள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அரிசி கழுவுவாள்.

2006-இல் அவள் பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 25,000 ரூபாய் குறைந்தது. என்னிடம் வந்தாள். சோளக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடனாகத்தான் கேட்டாள். "இப்பக் கை கொஞ்சம் இறுக்கமா இருக்குது அக்கா, ஜெபிக்கிறேன்" என்றேன். உண்மையாகவே ஜெபித்தேன். பையன் பெயரைச் சொல்லி, முழங்காலில் நின்று, உருக்கமாக ஜெபித்தேன். பணம் மட்டும் கொடுக்கவில்லை.

அதே வருஷம் ஆலயக் கட்டட நிதிக்கு 25,000 ரூபாய் கொடுத்தேன். கல்வெட்டில் என் பெயர் இருக்கிறது. இன்னும் இருக்கிறது. ஞாயிறுதோறும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

மாற்கு ஏழாம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்று ஒரு சொல் வரும். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, 'இது கடவுளுக்குக் காணிக்கையாக நேர்ந்தாகிவிட்டது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிற வழக்கம். இயேசு அதைக் கடுமையாகக் கண்டித்தார். ஞாயிறு பள்ளியில் அந்தப் பகுதியை நானே எத்தனையோ தடவை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். கல்வெட்டில் இருக்கிற என் பெயர்தான் கொர்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது சடங்குக்கு வருகிறேன்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றானார்கள். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் 1830 முதல் லண்டன் மிஷன் வேலை செய்த பகுதி. ஒன்றான சபைக்கு ஒரு பொதுவான திருவிருந்து முறைமை வேண்டும் என்று எழுதி, 1950-இல் வெளியிட்டார்கள். அதில் ஒரு புதுமை செய்தார்கள். புதுமை என்பதைவிடப் பழமையை மீட்டார்கள் என்று சொல்ல வேண்டும். ஆதிச் சபையில் விசுவாசிகள் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். மேற்கத்திய சபைகளில் அது மக்கள் கையைவிட்டுப் போயிருந்தது. கேரளத்துச் சிரியன் சபைகளில் அது கையோடு கை சேர்க்கும் வழக்கமாகப் பிழைத்திருந்தது. அதைப் பார்த்து இங்கே கொண்டுவந்தார்கள்.

எப்படி என்றால், கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க வேண்டும். இருவரும் இடது கையால் மற்றவர் கையை மூடிக்கொள்ள வேண்டும். ஆயர் பீடத்தண்டையில் தொடங்கி, உதவிக்கு நிற்பவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் இறங்கி வந்து வரிசை வரிசையாகக் கொடுக்க, அது கை மாறி மாறிக் கடைசிப் பெஞ்சு வரை போகும். உலகத்தில் பல சபைகள் பிற்பாடு திருவிருந்து முறையைத் திருத்தி எழுதியபோது, தென்னிந்தியர்கள் செய்த இந்தக் காரியத்தைக் கவனித்துப் பார்த்தார்கள்.

இது முறைமையில் எந்த இடத்தில் வருகிறது என்று கவனியுங்கள். காணிக்கை படைப்பதற்குச் சற்று முன்னால். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொன்னதும் அந்த வரிசைதான். பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முதலில் ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்கிறார். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்கிறார். இத்தனை வருஷம் படித்தும் எனக்கு இந்த வேறுபாடு உறைக்கவில்லை. எனக்கு அக்காமேல் ஒரு குறையும் இல்லையே, நான் சமாதானமாகத்தானே இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

2018. மாதத்தின் முதல் ஞாயிறு. எங்கள் ஆலயத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அன்று நான் கொஞ்சம் தாமதமாகப் போனதால் நடைபாதை ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. சமாதானம் கொடுக்க இரண்டு மூப்பர்கள் இறங்கி வருவார்கள். அன்று ஒருவர் வரவில்லை. வந்தவர் என் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்லிவிட்டு, "சார், அந்தப் பக்கத்து வரிசைக்கு நீங்களே குடுத்துருங்க" என்று நகர்ந்துவிட்டார். திரும்பினேன். பெண்கள் பக்கத்து ஓரத்தில் அக்கா.

பத்தொன்பது வருஷம் ஒரே ஆலயத்தில் இருந்தும் எனக்கும் அவளுக்கும் இடையில் சமாதானம் கை மாறியதே இல்லை. தற்செயல்தான். நீட்டினேன். அவள் பிடித்தாள். தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. உள்ளங்கை கல் மாதிரி. எங்கள் அம்மா கை எப்படி இருந்ததோ அப்படியே.

சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். அவளும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையை விடாமல், மெதுவாகக் கேட்டாள்: "கை ஏன் தம்பி இப்படி ஜில்லுனு இருக்கு? ஒடம்புக்குச் சரியில்லையா?"

அடுத்தது காணிக்கைப் பாட்டு. பை வந்தது. கவரைப் போட்டேன். அதை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனபோது கால் எழவில்லை. திடப்படுத்தல் பெற்ற நாள் முதல் நான் விட்ட முதல் திருவிருந்து அது. சர்க்கரை இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர் சாக்லேட் கொடுத்தார்.

சினிமாவாக இருந்தால் மறுநாளே பத்திரம் எழுதியிருப்பேன். எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. சோளக்காடு இருந்த இடத்தைச் சுற்றி ஐ.டி. கம்பெனிகள் வந்து, சென்ட் விலை லட்சங்களில் போய்க்கொண்டிருந்த நேரம். தம்பியிடம் பேசினேன். "இருவது வருஷத்துக்கு முந்தி முடிஞ்ச கத. அக்காவே கேக்கல, நீ எதுக்குக் கிளர்ற?" என்றான். அவனுக்கும் கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகள். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் பேசியது பத்தொன்பது வருஷமாக நானும் பேசிய பேச்சுத்தான்.

வீட்டிலும் மனைவி சம்மதிக்கவில்லை. நியாயமான கேள்விகள்தான் கேட்டாள். ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் யாரிடம் போய் நிற்பது என்றாள். நான் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் ராத்திரி, சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவளே சொன்னாள்: "நம்ம பையன் நாளைக்கு நம்ம பொண்ணை இப்படி ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனா நமக்கு எப்படிங்க இருக்கும்? எழுதிக் குடுத்துருங்க."

2019-இல் 3 சென்ட்டை அக்கா பெயருக்கு எழுதினேன். தான செட்டில்மெண்ட் என்று பத்திரத்தில் போட்டார்கள். 'தானம்' என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடையதை அவளுக்குக் கொடுப்பது எப்படித் தானம் ஆகும்? ஆனால் சட்டத்தில் அதற்கு வேறு தலைப்பு இல்லையாம்.

கணக்கைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு வர வேண்டியது 6 சென்ட். நான் எடுத்த 3 திரும்பியது. மீதி 3 இன்னும் பாக்கி. சகேயு என்கிற ஆயக்காரன் தான் பறித்ததை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்றான். நான் எடுத்ததை மட்டும், இருபது வருஷம் கழித்து, வட்டியில்லாமல் கொடுத்தேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. யாரும் கீழே 'சார், நீங்கள் கிரேட்' என்று எழுதிவிடாதீர்கள்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதால்தான் பொதுவில் எழுதுகிறேன். மேரி ராயை நினைத்துப் பாருங்கள். எழுத்தாளர் அருந்ததி ராயின் அம்மா. இரண்டு பிள்ளைகளோடு நம் ஊட்டியில், தகப்பனார் வைத்துவிட்டுப் போன வீட்டில் குடியிருந்தவர். மகளுக்குப் பங்கு இல்லை என்று சொல்லிக் குடும்பத்தார் அவரை வெளியேற்றப் பார்த்தார்கள். பழைய திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916-இல் வந்தது. அதன்படி மகளுக்கு, மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986-இல் தீர்ப்பு வந்தது. கேரளத்துக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் 1925 சட்டம்தான், சம பங்குதான் என்றார்கள். அதைக் கேட்டுச் சபைகள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அங்கிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. மகளுக்குக் கொடுத்தால் குடும்பம் குலைந்துவிடும் என்றார்கள்.

அவர்களுக்குச் சட்டம் வந்து தடை செய்ய வேண்டியிருந்தது. நமக்குச் சட்டம் முதலிலிருந்தே சரியாகத்தான் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகத்தான் விடுதலைப் பத்திரம் என்று ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். விரும்பி எழுதிக் கொடுக்கிற பெண்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அக்கா, தங்கச்சி கையெழுத்துப் போட்ட அன்று, 'மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் பிறந்த வீட்டு வாசல் அவளுக்குத் திறந்திருக்குமா? அதை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி என் மாணவனுக்கு.

கண்ணு, நீ புது சபைக்குப் போவதை நான் தடுக்கவில்லை. அங்கேயும் உண்மையாக ஆராதிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் புத்தகம் வைத்து ஜெபித்தால் வெறும் சடங்கு, கண்ணீர் விட்டால் உண்மை என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் சபையிலும் நாலு வருஷம் போனால், எந்தப் பாட்டின் எந்த அடியில் கையைத் தூக்க வேண்டும், எப்போது அழுகை வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். எழுதி வைக்காத முறைமை என்று அதற்குப் பெயர். அக்கா பையனுக்காக நான் ஜெபித்தபோது எனக்கும் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீர் பொய் இல்லை. ஆனால் அதனால் யாருக்கும் ஒரு ரூபாய் பிரயோஜனம் இல்லை.

நம் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி என்பது உனக்குத் தெரிந்திருக்காது. 1950-இல் பொறுப்பேற்றவர். பாளையங்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்போர்டு வரை போய்ப் படித்தவர். ராமானுஜர், மாணிக்கவாசகர், தாயுமானவர் என்று பக்தி மரபை எல்லாம் ஆழ்ந்து படித்து, கிறிஸ்தவமும் ஒரு பக்தி மார்க்கம்தான் என்று 1927-இலேயே புத்தகம் எழுதினார். பக்தி என்றால் உருக்கம்தானே என்று நீ கேட்பாய். அவர் அதோடு நிறுத்தவில்லை. கடவுளில் நிலைத்திருப்பது என்றால் அவர் சித்தமும் நம் சித்தமும் ஒத்துப்போவது, அவர் சொன்னபடி நடப்பது என்று யோவான் சுவிசேஷத்தை வைத்து விளக்கினார். கீழ்ப்படியாத அன்பு அவர் கணக்கில் பக்தி ஆகாது.

'அப்படியானால் சடங்கே வேண்டாமே, நல்லவனாக இருந்தால் போதாதா?' என்றும் சில நண்பர்கள் கேட்பார்கள். சித்தர்கள் கேட்ட கேள்விதான் அது, சிவவாக்கியரைப் படித்தவர்களுக்குத் தெரியும். நல்ல கேள்வி. ஆனால் எனக்கு நடந்ததை வைத்துத்தான் நான் பதில் சொல்ல முடியும். சடங்கு இல்லாமலிருந்தால் நான் அக்கா கையைத் தொட்டிருக்கவே மாட்டேன். நானாக யோசித்து, நானாக மனம் திருந்துகிற ஆளாக இருந்திருந்தால் 1999-லேயே திருந்தியிருப்பேன். இத்தனை வருஷம் வெறும் கையாக நான் நீட்டிக்கொண்டிருந்த சடங்கு, நீறு பூத்த நெருப்பாக உள்ளேயே கிடந்து, ஒரு நாள் சுட்டது.

பள்ளிக்கூடத்தில் ஒரு சம்பவம். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள். இந்தியர் அனைவரும் உடன்பிறந்தார் என்கிற பொருளில் அதில் வரும். முந்நூறு பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். நானும் கையை நீட்டிக்கொண்டே, யார் பேசுகிறான் என்று பார்ப்பேன். ஒரு நாள் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் சத்துணவு நேரத்தில் என்னிடம் வந்தான். "சார், காலைல எல்லாரும் ஒண்ணுன்னு சொன்னமுங்க. அப்புறம் ஏனுங்க சார் அவன் கூட உக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுது?" என்றான். அத்தனை ஆசிரியர்கள் அத்தனை வருஷம் சொன்ன உறுதிமொழியை அன்றைக்கு அந்த ஒரு பையன்தான் காதில் வாங்கியிருந்தான். அவன் உறுதிமொழியை விட்டுவிடவும் இல்லை, அதைச் சத்தமாகச் சொல்லவும் இல்லை. சொன்னதை அப்படியே நம்பினான், அவ்வளவுதான். அன்று மத்தியானம் அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

உண்மையான ஆராதனை என்றால் எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகம் வருகிறான்.

அதனால் கண்ணு, எந்தச் சபைக்கு வேண்டுமானாலும் போ. பாட்டு எவ்வளவு நீளம், எத்தனை பேர் அழுதார்கள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம். வெளியே வந்தபிறகு உன்மேல் குறை உள்ளவர் வீட்டுப் பக்கம் உன் வண்டி திரும்பியதா என்று மட்டும் சொல். உன் பட்டறையில் வேலை பார்க்கிற பையன்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் சனிக்கிழமையே போகிறதா என்று சொல். அதை வைத்து உன் ஆராதனைக்கு மதிப்பெண் போடுகிறேன். எனக்கு நீ போடு.

அக்கா அந்த 3 சென்ட்டில் இன்னும் ஒன்றும் கட்டவில்லை. முருங்கையும் இரண்டு வாழையும் வைத்திருக்கிறாள். போன மாதம் காய் கொண்டுவந்து கொடுத்தாள். "நம்ம காட்டுக் காய் தம்பி" என்றாள்.

தம்பி இதைப் படிப்பான் என்று தெரியும். சின்னவனே, கோபப்படாதே. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. வருகிற முதல் ஞாயிறு திருவிருந்து. அக்கா வழக்கம்போல நடைபாதை ஓரத்தில்தான் உட்காருவாள். நான் உனக்கு இந்தப் பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோயம்புத்தூர்.